வேலையில் உயிர் போனால்… இழப்பீடு கைக்கு வர எத்தனை காலம்?

தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்துபோனால், ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டுத் தொகையைக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். தகராறாகி ஆணையர் முன்பு கேஸ் போனால், அதை 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பதும் சட்டம். டெல்லியில் 1988 ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்த விஞ்ஞானி ஒருவரின் குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதை உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது 2009 ஏப்ரலில். 21 வருடம் ஓடியிருந்தது. இன்று நாட்டில் உள்ள எல்லா விபத்துத் தீர்ப்பாயங்களும் மேற்கோள் காட்டும் ‘சரளா வர்மா வழக்கு’ அதுதான்.

ஒரு மாதம் ஒரு முனை, 21 வருடம் இன்னொரு முனை. ஒரு குடும்பத்தின் வழக்கு இவற்றுக்கு நடுவில் எங்கே போய் நிற்கும் என்பதை மூன்று கேள்விகள் பெருமளவு தீர்மானிக்கின்றன. முதலாளி யார்? சம்பளம் எவ்வளவு? வேலைக்கும் சாவுக்கும் என்ன தொடர்பு? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருந்தால் எதிர்த்தரப்புக்கு இழுக்க இடமில்லை. ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் வாய்தா மேல் வாய்தாதான். இந்தக் கட்டுரையில் வரும் ஆலோசனைகள் எல்லாமே அந்த மூன்று பதில்களைச் சீக்கிரம் கைக்குள் கொண்டுவருவதற்கானவை.

எந்த வாசலுக்குப் போவது?

தவறான இடத்தில் மனு போட்டுவிட்டு ஒரு வருடம் கழித்துத் திரும்பி வருவதுதான் பெரிய நேர விரயம். அதனால் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இ.எஸ்.ஐ. இருந்தால்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார்கள். வேலை நிமித்தமான விபத்தில் இறந்தால், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் சார்ந்தோர் உதவித்தொகையாகக் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு. முதலாளி விபத்து அறிக்கையை ஒழுங்காக அனுப்பியிருந்தால் கோர்ட் படி ஏறவே வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: இ.எஸ்.ஐ. பலன் உரியவர்கள், கீழே சொல்லப்போகும் ஊழியர் இழப்பீட்டைக் கேட்க முடியாது.

இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால்: 1923-ம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். தொழிலாளர் துறையின் ஆணையரிடம் மனு போட வேண்டும். வக்கீல்கள் பேச்சில் இது ‘டி.சி.எல். கோர்ட்’. இங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் இருந்தார், வேலை காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளியின் கவனக்குறைவு என்ற வாதம்கூட மரண வழக்கில் எடுபடாது. மனுவுக்குக் கெடு இறந்த தேதியிலிருந்து 2 வருடம்.

வாகன விபத்தாக இருந்தால்: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், கோர்ட் வட்டாரத்தில் ‘எம்.சி.ஓ.பி.’ டெலிவரிக்குப் போன இளைஞர் மீது லாரி மோதினாலும், கம்பெனி வேன் கவிழ்ந்தாலும் இந்த வாசல் திறந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இதற்குக் கெடு 6 மாதம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்காமல் 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். வேலை நேரத்தில் நடந்த சாலை விபத்து என்றால் டி.சி.எல்., எம்.சி.ஓ.பி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், இரண்டும் கிடையாது.

கழிவுநீர்த் தொட்டி, பாதாளச் சாக்கடை மரணமாக இருந்தால்: 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 30 லட்சம் ரூபாய். அதற்கு முன்பு இது 10 லட்சமாக இருந்தது. ‘கான்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று உள்ளாட்சி அமைப்பு சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

2025 நவம்பர் 21 அன்று 4 தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இ.எஸ்.ஐ., ஊழியர் இழப்பீடு, பணிக்கொடை எல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. தொழிலாளிக்குச் சாதகமான ஒரு மாற்றம், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து அதில் தெளிவாகச் சேர்க்கப்பட்டிருப்பது. எனவே மனுவில் விபத்தின் தேதி முக்கியம். அந்தத் தேதிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கேஸுக்கு முன்னால் வரும் பணம்

இழப்பீட்டு வழக்கை மட்டும் நம்பி உட்கார்ந்தால் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் நெருக்கும். நெருக்கடியில் இருக்கும் குடும்பம்தான் அடிமாட்டு விலைக்குச் சமரசம் பேசும். ஆகவே வழக்கு இல்லாமலே வரவேண்டிய பணத்தை முதலில் வாங்குங்கள்.

பி.எஃப். பாக்கித் தொகை, விதவை மற்றும் குழந்தைகள் பென்ஷன், அதோடு பி.எஃப். சந்தாதாரருக்குத் தானாகவே கிடைக்கும் இன்ஷூரன்ஸ் (அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய்) மூன்றும் இதில் சேரும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பி.எஃப். தொகையை 20 நாளில் தந்துவிட வேண்டும் என்பது விதி. நாமினி பெயர் சரியாக இல்லாத கணக்குகளில்தான் மாதக்கணக்கில் இழுபடும்.

அடுத்தது பணிக்கொடை. 5 வருடம் சர்வீஸ் முடியவில்லையே என்று பல குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுகின்றன. இறப்புக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. இரண்டு வருடம் வேலை பார்த்தவர் இறந்திருந்தாலும் அந்த இரண்டு வருடத்துக்கான பணிக்கொடை வாரிசுக்கு உண்டு, 30 நாளில் தர வேண்டும்.

கம்பெனி எடுத்திருக்கும் குரூப் இன்ஷூரன்ஸ், சம்பள அக்கவுன்ட்டோடும் ஏ.டி.எம். கார்டோடும் வரும் விபத்துக் காப்பீடு, கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக விசாரியுங்கள். வங்கிக் காப்பீடுகளுக்குத் தனித்தனிக் கெடு இருக்கும்; காரியம் முடிந்த வாரமே வங்கிக்குப் போய்க் கேட்பது நல்லது.

முதல் 30 நாள்

அரசு மருத்துவமனை மார்ச்சுவரி வாசலில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போஸ்ட்மார்ட்டம் நடந்துகொண்டிருக்கும். வெளியே வேப்ப மரத்தடியில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர், கவரில் ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ வைத்துக்கொண்டு, இறந்தவரின் மாமனாரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசுவார். “ஆம்புலன்ஸ் செலவு, காரியச் செலவு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க.” கையில் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்.

கையெழுத்துப் போடக் கூடாது. அப்படியே யாராவது போட்டுவிட்டாலும் பயப்படத் தேவையில்லை. மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. 3 மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் மட்டும் பிறகு கழித்துக்கொள்ளப்படும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி வாங்கிய ஒப்பந்தமும் செல்லாது. ஆனால் அந்தக் காகிதம் கோர்ட்டில் ஒரு தகராறைக் கிளப்பும், அந்தத் தகராறு சில வாய்தாக்களைத் தின்னும். காலம் நீள்வது இப்படித்தான்.

முதல் மாதத்தில் சேர்க்க வேண்டியவை இவை:

எஃப்.ஐ.ஆர். நகல். எங்கே, எத்தனை மணிக்கு, யாருடைய வேலையில் இருந்தபோது நடந்தது என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ‘தவறி விழுந்து இறந்தார்’ என்ற ஒற்றை வரியோடு நிற்கும் எஃப்.ஐ.ஆர்., பின்னால் ஒவ்வொரு குறுக்கு விசாரணையிலும் உங்களைத் துரத்தும். புகார் எழுதிக் கொடுக்கும்போதே வேலையிடத்தின் பெயர், கான்ட்ராக்டர் பெயர், செய்துகொண்டிருந்த வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ். மாமியாருக்கும் மருமகளுக்கும் மனக்கசப்பு இருந்தால் வாரிசுச் சான்றிதழிலேயே சிக்கல் தொடங்கிவிடும். முதலாளி பணத்தைக் கட்டிய பிறகும் அது பங்கு பிரியாமல் ஆணையர் கணக்கில் கிடக்கும் வழக்குகள் உண்டு. ஊர்ப் பெரியவர்களை வைத்தாவது இதை ஆரம்பத்திலேயே பேசி முடியுங்கள்.

வேலையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி. ஐ.டி. கார்டு, வருகைப் பதிவு, கேட் பாஸ், இ.எஸ்.ஐ. எண், சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்பில் ‘நாளைக்கு நைட் ஷிஃப்ட் வா’ என்று அனுப்பிய மெசேஜ், எல்லாமே உதவும். இறந்தவரின் போனை யாரும் ரீசெட் செய்துவிடாமல் பத்திரப்படுத்துங்கள். அந்த சிம்மை உடனே ரத்து செய்யவும் வேண்டாம், பி.எஃப்., வங்கி, வாட்ஸ்அப் எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும்.

விபத்து ஃபேக்டரிக்குள் நடந்திருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி வந்து விசாரிப்பார். அவர் அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள். மரண விபத்தை 7 நாளுக்குள் ஆணையருக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும் என்று 1923 சட்டம் சொல்கிறது. தெரிவிக்காமல் விட்டால் குடும்பமே ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதலாம். அவர் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி 30 நாளில் பதில் கேட்க முடியும்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. ‘போலீஸ் கேஸ் முடியட்டும், அப்புறம் இழப்பீடு கேட்கலாம்’ என்று காத்திருப்பவர்கள் பலர். இரண்டும் தனித்தனி. கிரிமினல் வழக்கு பாட்டுக்கு அது நடக்கட்டும், இழப்பீட்டு மனு இப்போதே போகலாம்.

தொகை எப்படி வருகிறது?

ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொகையைப் பேரம் பேசி முடிவு செய்வதில்லை, பெருக்கித்தான் கண்டுபிடிக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு (2020 ஜனவரி முதல்). 35 வயதுக்குக் காரணி எண் 197.06.

மாதம் 18,000 வாங்கிய 35 வயது வெல்டரை எடுத்துக்கொள்வோம். வரம்பின்படி 15,000, பாதி 7,500, அதை 197.06-ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். கான்ட்ராக்டர் தன் பதிவேட்டில் 9,000 என்று எழுதி வைத்திருந்து, மீதியை ரொக்கமாகக் கொடுத்து வந்திருந்தால்? 4,500-ஐ 197.06-ஆல் பெருக்கினால் 8,86,770 ரூபாய். ஒரு பதிவேட்டு வரியால் குடும்பத்துக்கு 5,91,180 ரூபாய் போகிறது. சம்பளத்துக்கான ஆதாரத்தைத் தேடிப் பிடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. பாஸ்புக், ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அதே வேலை பார்க்கும் சக தொழிலாளியின் சாட்சியம், எது கிடைத்தாலும் சேர்த்துவையுங்கள்.

தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வருடத்துக்கு 12 சதவீதம் தனிவட்டி. நம் வெல்டரின் கணக்கில் இது வருடத்துக்கு 1,77,354 ரூபாய். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால், தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. வட்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி தலையில் கட்டலாம். அபராதத்தை முதலாளி தன் பையிலிருந்துதான் தர வேண்டும் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே மனுவில் வட்டியையும் அபராதத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுதாமல் விட்டதை யாரும் தாமாகத் தருவதில்லை.

வட்டி எந்தத் தேதியிலிருந்து? இதற்கான பதில் ஒரு தச்சரின் வழக்கில் இருக்கிறது. 1969 ஜூலையில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஆணையர் கொடுத்த தொகை 9,800 ரூபாய். அதை எதிர்த்து முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போய், 1975 டிசம்பரில் தோற்றார். விபத்து நடந்த அன்றே இழப்பீடு தரும் கடமை பிறந்துவிடுகிறது, ஆணையர் உத்தரவு போடும் நாளில் அல்ல என்று நான்கு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அரை நூற்றாண்டு கழித்தும் வட்டிக் கணக்குக்கு இதுவே அடிப்படை.

மோட்டார் வழக்கில் கணக்கு வேறு. அங்கே 15,000 வரம்பு இல்லை. நிரந்தர வேலையில் மாதம் 20,000 வாங்கிய 35 வயதுக்காரர், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். வருட வருமானம் 2,40,000. எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் சேர்த்தால் 3,60,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 2,40,000. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. மொத்தம் 38,40,000 ரூபாய். ஈமச்செலவு போன்றவை தனி. 2009-ன் சரளா வர்மா தீர்ப்பும் 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பும் சேர்ந்து தந்த வாய்ப்பாடு இது.

தொகை பெரிது என்பதால் எல்லோரும் எம்.சி.ஓ.பி. போட்டுவிடலாமா? அங்கே எதிர் வண்டிக்காரரின் தவறை நிரூபிக்க வேண்டும். இறந்தவர் மீது பாதித் தவறு என்று முடிவானால் தொகையும் பாதியாகும். தவறே பார்க்காத இன்னொரு பிரிவில் மனு போட்டால் 5 லட்சம் நிச்சயம். எதிர் வண்டியின் தவறு எஃப்.ஐ.ஆரில் தெளிவாக இருந்தால் எம்.சி.ஓ.பி.; தானே சறுக்கி விழுந்த விபத்து என்றால் டி.சி.எல். தான் பாதுகாப்பு.

கேஸ் எங்கே நிற்கும்?

மனு, நோட்டீஸ், எதிர்மனு, சாட்சி, வாதம், உத்தரவு. காகிதத்தில் ஆறு படிகள். நிற்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, நோட்டீஸ் போய்ச் சேருவது. கான்ட்ராக்டர் வீட்டை மாற்றிவிட்டார், கதவு பூட்டியிருக்கிறது என்று கவர் திரும்பி வரும். இதற்கு மருந்து சட்டத்திலேயே உண்டு. தன் தொழிலுக்கான வேலையைக் கான்ட்ராக்டரிடம் கொடுத்த முதன்மை முதலாளியும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. சப்-கான்ட்ராக்டர், கான்ட்ராக்டர், கம்பெனி, இன்ஷூரன்ஸ் என்று எல்லோரையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். பாதியில் ஒருவரைச் சேர்த்தால் மறுபடி நோட்டீஸிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு, சாட்சி. கூட வேலை பார்த்தவர் ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிவிடுவார். இங்கே இருப்பவரும் வேலை போய்விடுமே என்று கோர்ட்டுக்கு வரத் தயங்குவார். அவர்கள் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலும் நிரந்தர முகவரியும் முதல் மாதத்திலேயே கையில் இருக்க வேண்டும்.

மூன்று, அப்பீல். டி.சி.எல். உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் முதலாளி முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக முடியும். முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே அப்பீல் ஏற்கப்படும். மோட்டார் வழக்கில் இந்தக் கடிவாளம் தளர்வானது: 90 நாள் அவகாசம், 25,000 ரூபாயோ பாதித் தொகையோ, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். பெரிய தொகை கிடைக்கும் வழி நீண்டுபோவதற்கு இது ஒரு காரணம்.

வக்கீல் ஃபீஸ் கட்ட வழியில்லை என்று யாரும் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். பெண்கள், தொழிலாளர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் எல்லோருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பும் பார்ப்பதில்லை.

சமரசம் எப்போது லாபம்?

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது. சீக்கிரம் பணம் வர இதுவே குறுக்கு வழி. ஆனால் எல்லா வழக்கிலும் ஒரே அளவு விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்று கேள்விகளுக்கும் ஆதாரம் கையில் இருக்கும் டி.சி.எல். வழக்கில் தொகை ஏற்கெனவே முடிவான ஒன்று. இழுத்தால் வட்டி உங்கள் பக்கம் ஏறுகிறது. அங்கே ‘பாதியை இப்பவே வாங்கிக்கோங்க’ என்று சொன்னால் ஏற்க எந்தக் காரணமும் இல்லை; வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அசலை முழுதாக உடனே கேட்கலாம். யார் மீது தவறு என்ற குழப்பம் உள்ள மோட்டார் வழக்கில் நிலைமை வேறு. அங்கே தோற்கும் வாய்ப்பும் இருப்பதால், நியாயமான தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்வது விவேகம்.

பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: வாய்ப்பாட்டின்படி வரும் தொகை, இன்றுவரை ஏறிய வட்டி, கையில் உள்ள ஆதாரத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு நிற்கும் என்று வக்கீல் சொல்லும் தொகை. எதிர்த்தரப்பு சொல்லும் தொகை மூன்றாவது எண்ணுக்குக் கீழே இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கூட்டமாகப் போடும் வழக்கு

நூறு பேர், ஆயிரம் பேர் சேர்ந்து வழக்காடும்போது செலவு பகிரப்படும், குரல் பெரிதாகும். காலமும் பெரிதாகும்.

கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் தயாரித்த இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலையின் கதை இதற்குச் சரியான பாடம். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்ததும், 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. பாதரசத்தால் நோயும் சாவும் வந்தன என்றது சங்கம். தொழிலாளர்களின் உடல்நலத்துக்குப் பாதிப்பு இல்லை என்றது நிறுவனம். 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் கருணைத்தொகை தரச் சமரசம் ஆனது. தொகை வெளியிடப்படவில்லை.

முதலாளி யார் என்பதில் அங்கே சந்தேகம் இல்லை. மூன்றாவது கேள்வியில்தான் பத்து வருடம் போயிற்று. விபத்தில் உடல் கண் முன்னே கிடக்கிறது. நோயில் ஒவ்வொருவரின் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் தனித்தனியாக மருத்துவச் சான்று வேண்டும். ரசாயனம், பஞ்சு, சாயம், கல்குவாரி வேலைகளில் இருப்பவர்கள் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

போபால் சொல்வது வேறொன்று. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. நான்கே கால் வருடம்! இவ்வளவு பெரிய வழக்குக்கு அது வேகம்தான். ஆனால் யார் பாதிக்கப்பட்டவர், எந்த அளவுக்கு என்று தீர்மானிக்கும் வேலை 1992-ல்தான் தொடங்கியது. மிச்சப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கூடுதல் தொகை கேட்டு 2010-ல் மத்திய அரசு போட்ட சீராய்வு மனு 2023 மார்ச் 14 அன்று தள்ளுபடியானது. ‘செட்டில் ஆயிடுச்சு’ என்ற செய்திக்கும் வங்கிக் கணக்கில் பணம் ஏறுவதற்கும் நடுவில் ஒரு முழு ஆயுள் போகலாம்.

ஆகவே கூட்டு வழக்கில் சேரும் முன் சங்கத்திடம் கேளுங்கள்: உறுப்பினர் பட்டியலில் என் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? சமரசம் ஆனால் பங்கு எந்த அடிப்படையில்? சமரசத்துக்குப் பிறகு தனியாக வழக்குப் போடும் உரிமை எனக்கு இருக்குமா? அந்த வழக்கு நடக்கிறதே என்று உங்கள் தனி மனுவின் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு

கட்டுமானத்துக்கும் கப்பல் தளத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து போயிருப்பவர்களின் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கேயும் தவறை நிரூபிக்கத் தேவையில்லாத பணிக்காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் கெடு ஒரே வருடம். அந்த வழியா, சிவில் வழக்கா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஊரில் காரியங்கள் முடியட்டும் என்று இருந்தால் பாதிக் கெடு போய்விடும்.

எச்.ஆரில் இருப்பவருக்கு

விபத்து அறிக்கையைத் தாமதிக்காதீர்கள். தொகையில் தகராறு இருந்தாலும், நிறுவனம் ஒப்புக்கொள்ளும் அளவை உடனே ஆணையரிடம் கட்டச் சட்டமே சொல்கிறது. அந்த அளவுக்கு வட்டியும் நின்றுவிடும். குடும்பத்திடம் கையெழுத்து வாங்கச் சொல்லி மேலிடம் உங்களை அனுப்பினால், அது செல்லாத காகிதம், அபராதத்துக்கு வழி வகுக்கும் என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். நிறுவனத்துக்கும் நல்லது, உங்களுக்கும் பாதுகாப்பு.

இந்த வாரமே செய்துமுடியுங்கள்

வேலைக்குப் போய்வரும் எல்லோரும் வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். யு.ஏ.என். எண், கம்பெனி இன்ஷூரன்ஸ் விவரம், கான்ட்ராக்ட் வேலை என்றால் யாருக்காக வேலை நடக்கிறதோ அந்தக் கம்பெனியின் பெயரும் முகவரியும் அதில் இருக்கட்டும். சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கி வழியாக வரட்டும். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பி.எஃப். தளத்தில் நாமினேஷனை மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கல்யாணமானதும் பழைய நியமனம் செல்லாது. ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் வீட்டில் இருவருக்காவது சொல்லிவையுங்கள்.